இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் சுகிர்தம்

1

எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஆம்பூர் டேனரியில் தோல் கட்டுகளின் மேல் சாக்கட்டியால் போட்ட தரக்குறியும், இங்கிருந்து ஊருக்குப் போட்ட கடிதங்களும்தான். போதகர்களும் டாக்டர்களும் எழுதுகிற நம் சபை மலரில் எனக்கு இடம் கேட்பது கூச்சமாக இருக்கிறது. ஆனால் மணியக்கா மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டார். அக்கா என் மனைவி சுகிர்தத்தின் மூத்த சகோதரி. ஆம்பூரில் அவரிடம் அ, ஆ படித்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே பலர் இருப்பீர்கள்.

மேற்கு ஜெர்மனியில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி எழுதும்படி அக்கா சொன்னார். இங்கே வந்து பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகியும் எனக்கு டேனரி, சர்ச், கடைத்தெரு, கல்லறைத் தோட்டம் இந்த நான்கு இடங்கள்தான் நன்றாகத் தெரியும். அதனால் போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு கடிதத்தைப் பற்றி எழுதுகிறேன். அக்காவும் இதில் வருகிறார். அவர் வருத்தப்பட மாட்டார் என்று நம்புகிறேன்.

2

கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் கடிதங்களைப் பிரிப்பவள் என் மகள் எஸ்தர். வயது பதினாறு. மின்சாரக் கட்டணம், வீட்டு வாடகை, வெளிநாட்டார் அலுவலகம் என்று எது வந்தாலும் அவள்தான் படித்து, "அப்பா, இங்க கையெழுத்து போடு" என்று விரலை வைத்துக் காட்டுவாள். இங்கே இருக்கிற நம் வீடுகளில் பிள்ளைகளே குமாஸ்தாக்கள். எட்டு வயதிலிருந்து அவள் எனக்காகப் பேசியிருக்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவே பேச ஆள் இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

கடிதம் ஓர் இசைத்தட்டு கம்பெனியிலிருந்து வந்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இந்த ஊரில் ஒரு பாட்டுக் குழு இருந்தது. அதன் பெயருக்கு 'பால்வீதித் தபால்' என்று பொருள். பின்னால் கொஞ்சம் பெயர் வாங்கிக் கலைந்துபோனார்கள். அவர்களுடைய ஆரம்ப நாட்களில் பதிவாகி, வெளியே வராமல் கிடந்த நாடாக்களையெல்லாம் தேடியெடுத்து இப்போது இரண்டு தட்டுகளாகப் போடப் போகிறார்களாம். அதில் ஒன்றின் இரண்டாம் பக்கத்தில் நான் கைமேளம் தட்டியிருக்கிறேன். கூடவே ஒரு பெண்ணின் குரலும் இருக்கிறது.

"பேசுபவர் உங்கள் காலஞ்சென்ற மனைவி என்று அறிகிறோம்" என்று எஸ்தர் படித்தாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

சுகிர்தம் இறந்தபோது எஸ்தருக்கு ஆறு வயது. எங்களிடம் புகைப்படங்கள் உண்டு. குரல் எதிலும் இல்லை. இருக்கும் என்று நான் நினைத்ததும் இல்லை.

உறைக்குள் ஒரு கேசட்டும் மூன்று பக்கப் படிவமும் இருந்தன. பேசுபவரின் பெயர் என்ன, உங்களுக்கு என்ன உறவு, பேசியது என்ன என்று கேட்டிருந்தார்கள். மூல மொழியில் முழுவதும் எழுதி, ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும். அதை இசைத்தட்டின் உறையில் அச்சிடுவார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

எஸ்தர் கேசட்டைப் போட்டாள். ஆர்கன் ரீங்காரம், கிட்டார், நடுவே என் மேளம். கொஞ்ச நேரம் கழித்து சுகிர்தம் பேசினாள். அந்தக் குழுவிடம் நாடாவைச் சுற்றவிடும் ஒரு பெட்டி இருந்தது. அதற்குள் போகும் சத்தம் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வந்து தேயும். அதனால் அவளுடைய ஒவ்வொரு வார்த்தையும் தூரமாகப் போய்க்கொண்டே இருந்தது. எஸ்தரிடம் இருப்பது சின்னப் பிள்ளையின் தமிழ். அவளால் பிடிக்க முடியவில்லை.

"இன்னாப்பா சொல்றாங்க?"

"சாப்பிடக் கூப்பிடுறா" என்றேன்.

3

நான் அந்தக் குழுவோடு சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும்.

சுகிர்தம் வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்து, அங்கேயே வேலையில் இருந்தவள். பெண் பார்க்கப் போனபோது நான் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு சோப்பு போட்டாலும் தோல் வாசனை போகாது. என் அத்தை அதைக் கவனித்து, "பையன் கூச்ச சுபாவம்" என்றார். சுகிர்தம் காபி வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கைய மேல வைங்க. ஆஸ்பத்திரி லோஷன் வாசனைக்கு இது தேவல" என்றாள்.

கல்யாணமான மறுவருஷம் அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது. பின்னாலேயே நானும் வந்தேன். என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். இந்த நாட்டில் தொழில் எதுவும் செய்ய அனுமதி இல்லை என்று அதற்கு அர்த்தம். ஆம்பூரில் ஒன்பது வருஷம் தோல் தரம் பிரித்தவன் இங்கே சமைத்தேன், துணி துவைத்தேன், எஸ்தர் பிறந்ததும் அவளைப் பார்த்துக்கொண்டேன். ஜெர்மன் தெரியாது. மத்தியான நேரத்தில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து 'சாப்பாட்டு வேளை' என்று வணக்கம் சொல்வதைக் கேட்டு, அதையே கற்றுக்கொண்டு காலை ஆராதனையில் போதகரிடம் ஒரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நல்ல மனிதர், அவரும் திருப்பிச் சொல்வார். இதையெல்லாம் நான் ஊருக்கு எழுதியதில்லை. "சுகம், வேலை பார்க்கிறேன்" என்றே எழுதினேன்.

நாங்கள் இருந்த வீட்டின் தரைத்தளம் முன்பு குதிரைச் சேணம் செய்யும் பட்டறையாக இருந்ததாம். அதை அந்தப் பையன்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நீளமுடிக்காரர்கள். மத்தியானம் ஆனால் தொடங்குவார்கள். ஒரே பாட்டு முக்கால் மணி நேரம் போகும். வார்த்தை கிடையாது, ஆரம்பமும் கிடையாது. நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற மாதிரி இருக்க வேண்டும் என்று அவர்களில் மேளம் வாசிக்கும் ஊலி சொன்னான். எனக்கு அது டேனரி மாதிரி இருந்தது. நம் டேனரிகளில் ஆள் உயர மரப் பீப்பாய்க்குள் தோலையும் தண்ணீரையும் போட்டு நாள் முழுவதும் உருளவிடுவோமே, உள்ளே ஈரத்தோல் ஏறி ஏறி விழுமே, அதே சத்தம். மூன்றாம் மாடியில் குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு, கண்ணை மூடினால் ஷிஃப்டில் இருக்கிற மாதிரியே இருந்தது. ஒரு நாள் எஸ்தரைப் பிரம்புக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனேன். யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்கள். இந்த நாட்டில் எனக்காக யாரோ நகர்த்திய முதல் ஸ்டூல் அது.

4

ஊலியிடம் மொராக்கோவிலிருந்து வாங்கி வந்த கைமேளம் ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கத்தில் வைத்துத் தோல் வெடித்துவிட்டது. பண்ணையிலிருந்து உப்புப் போட்ட ஆட்டுத்தோல் ஒன்றைக் கொண்டுவந்து, இதை என்ன செய்வது என்று கையால் கேட்டான். நான் நெஞ்சில் கைவைத்து, "நான்" என்றேன். ஜெர்மனில் நான் தயங்காமல் சொன்ன முதல் சொல் அதுதான்.

பின்கட்டில் ஒரு தகரத் தொட்டியில் ஊறவைத்தேன். சுண்ணாம்பு போட்டேன், மயிர் வழித்தேன், கழுவினேன். தோலைப் பதனிட ஊரில் போடும் ஆவாரம்பட்டைக்கு இங்கே எங்கே போவது? ஊர்க்கோடியில் இருந்த டேனரியின் வாசலில் போய் நின்று இவர்கள் போடும் கருவாலி மரப்பட்டை கொஞ்சம் வாங்கி வந்தேன். மூன்று வாரம். சுகிர்தம் வேலை முடிந்து வரும்போது பின்கட்டில் நின்று பார்ப்பாள்.

"இது தொழிலா, இல்லியா? ஆபீஸ்ல போய்க் கேட்டுனு வரட்டுமா?"

"சும்மா இரு."

"முத்திர குத்தனவன் வந்து ஆட்ட மோந்து பாக்கப் போறான்."

எண்ணெய் போட்டு, நிழலில் உலர்த்தி, முழங்காலில் வைத்து இழுத்துப் பதமாக்கினேன். கையுறை தைக்கலாம், அவ்வளவு மெத்தென்று இருந்தது. ஆம்பூரில் முதல் தரம் போட்டிருப்பேன். ஊலி அதை மேளத்தில் இழுத்துக் கட்டி, ஒரு தட்டுத் தட்டினான்.

தொப்.

மறுபடி தட்டினான். தலையணையைத் தட்டியது போல இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேளத்துக்குப் பச்சைத்தோல் அல்லவா கட்ட வேண்டும். பதப்படுத்திய தோல் எங்கே ஒலிக்கும்? சாவு வீட்டில் பறையைத் தீயில் காய்ச்சுவதை ஊரில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். ஆனால் தோல் என்று ஒன்று கைக்கு வந்தால் எங்கள் ஊர்க்காரன் கை தொட்டிக்குத்தான் போகும். ஒன்பது வருஷப் பழக்கம், மூளையைக் கேட்கவில்லை.

என்னால் தலை நிமிர முடியவில்லை. ஊலி சிரித்தான். பிறகு ஆர்கன்காரனைக் கூப்பிட்டு, மேளத்துக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, அந்த நாடாப் பெட்டியோடு இணைத்தான். தொப், தொப், தொப் என்று அந்தச் சத்தம் எங்கோ தூரத்துக்கு நடந்து போயிற்று. "நிலாவில் ஒருவன் நடக்கிறான்" என்றான் ஊலி. என்னையே தட்டச் சொன்னான்.

அந்தப் பதிவுக்கு அவர்கள் 'மெத்தென்ற ஆடு' என்று பெயர் வைத்தார்கள். நாடாவின் பிரதிகள் கைமாறிப் போய், இது என்ன வாத்தியம் என்று ரசிகர்கள் வருஷக்கணக்கில் வாதம் செய்தார்களாம். கம்பெனிக் கடிதத்தோடு ஊலி தனியாக ஒரு சீட்டு வைத்திருந்தான். "தேவராஜ், உன் ஆடு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது."

5

அந்தப் பதிவு ஓடிக்கொண்டிருந்தபோதுதான் சுகிர்தம் உள்ளே வந்தாள். காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள், கையில் வெளிநாட்டார் அலுவலகத்தின் கடிதம். அவள் பேசியது இதுதான்:

"இந்தாங்க, வந்துடுச்சி. வேல செய்யலாம்னு போட்டுருக்கான். இன்னாங்க, காதுல வுழுதா? பாப்பாவ அக்காகிட்ட வுட்டுட்டு வந்துடலாம். ரெண்டு வருசந்தான். நீங்க இப்டி ஒக்காந்துனே இருக்கறத என்னால பாக்க முடியல."

கொஞ்சம் இடைவெளி விட்டு, "சரி, தட்டுங்க" என்றாள்.

பதினான்கு மாதக் குழந்தையை, வேலூருக்கு விடுமுறையில் போன ஒரு நர்ஸோடு அனுப்பினோம். நான் ஊர்க்கோடி டேனரியில் சேர்ந்தேன், இன்றும் அங்கேதான் இருக்கிறேன். எஸ்தர் திரும்பி வந்தபோது மூன்றரை வயது. மணியக்காவை அம்மா என்றும், சுகிர்தத்தை ஆண்ட்டி என்றும் கூப்பிட்டாள். அது மாறி, அக்கா அவளுக்கு மணிம்மா ஆக ஒரு வருஷம் ஆனது. அதற்குப் பிறகு சுகிர்தத்துக்கு அதிக நாட்கள் இருக்கவில்லை.

பத்து வயதில் எஸ்தர் ஒரு நாள், "என்ன ஊருக்கு யாரு அனுப்பனது?" என்று கேட்டாள். போனவளின் மேல் பிள்ளைக்கு ஒரு குறை வேண்டாம் என்று நினைத்தேன். "நான்தான்" என்றேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. சில நாள் கழித்து என் மேசை இழுப்பறையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவள் புத்தகப் பையில்தான் இருந்தது. பள்ளிக்குப் போனாலும் கூடவே போகும். நான் பார்த்தும் கேட்டதில்லை.

இப்போது அந்தப் படிவத்தில் சுகிர்தம் பேசியதை நான் எழுத வேண்டும். எஸ்தர் அதை ஜெர்மனில் மாற்ற வேண்டும். வேறு ஆள் எங்களுக்கு இல்லை.

6

மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு, கையெழுத்துப் போடப் போவதில்லை என்றேன்.

"அம்மாவோட சத்தம் இது ஒண்ணுதான இருக்குது? ஏன் வேணாம்ன்ற?" என்று கேட்டாள். பிறகு ஜெர்மனில் நிறையச் சொன்னாள். கோபத்தில் அவளுக்குத் தமிழ் போதாது. எனக்கு எப்போதும் எதுவும் போதாது.

மாதக் கடைசி ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து சோறு வைக்கும்போது, சாப்பாட்டு மேசையில் ஒரு விமானத் தபால் உறை இருந்தது. ஆம்பூர் முகவரி எழுதியிருந்தது. உள்ளே வைப்பதற்காகப் பக்கத்தில் ஒரு தாள். கேசட்டில் கேட்ட சத்தங்களை ஜெர்மன் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். வார்த்தைகளாகப் பிரிக்கத் தெரியாமல் ஒரே தொடராக எழுதியிருந்தாள். நடுவில் 'பாப்பாவ' மட்டும் தனியாக இருந்தது. அதன் கீழே கோடு.

"மணிம்மாவுக்கு எதுக்கு லெட்டர்?"

"நீ சொல்ல மாட்டேன்ற. அவங்க சொல்வாங்க."

"நான்தான் சொன்னேனே, சாப்பிடக் கூப்பிடுறான்னு."

"அப்பா, சாப்பிடக் கூப்புட இவ்ளோ நேரமா?"

அவள் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி வைத்து, ஒரு பேனாவையும் வைத்தாள்.

நான் எழுதினேன். அக்கா என்று வரும் இடத்தில் கை நின்றது, பிறகு அதையும் எழுதினேன். எழுதியதை மெதுவாகப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவள் பாதி தமிழிலும் பாதி ஜெர்மனிலும் சொன்னதை ஒன்றாகவே எழுதுகிறேன்.

"அப்ப நீ இல்லியா? அம்மாவா?"

"நான்தான். எனக்கு வேல கெடச்சிதுன்னுதான். நான் ஒக்காந்திருக்கறத பாக்க முடியாமதான்."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணுமா?"

"தட்டினேன். அதான் கேட்டியே."

வேலை வேண்டாம், நானே பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வேலை வேண்டியிருந்தது. ஈரத்தோலில் கைவைக்க வேண்டியிருந்தது. அதையும் எஸ்தரிடம் சொன்னேன். பதினைந்து வருஷத்தில் நான் யாரிடமும் சொல்லாதது அது. சுகிர்தம் வாசலில் நின்று, கடிதத்தைக் காட்டி, பேசிவிட்டுப் போய்விட்டாள் என்றுதான் எனக்கு நினைவு. நான் தலை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

எஸ்தர் எழுந்து காதில் மாட்டிக் கேட்கும் கருவியை எடுத்துக்கொண்டு கேசட்டோடு உட்கார்ந்தாள். திருப்பித் திருப்பி ஓட்டினாள். சோறு ஆறிப்போயிற்று. நான் தட்டுகளை எடுத்து வைத்தேன், கழுவினேன், துடைத்தேன். அவளுடைய முதுகைத்தான் பார்க்க முடிந்தது. கடைசியில் திரும்பி, கருவியைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

"அம்மா பேசறத வுடு. கீழ கேளு. கொழந்த சத்தம் கேக்குதா?"

கேட்டது. மேளத்துக்கும் ஆர்கனுக்கும் அடியில், மெல்லிசாக ஏதோ முனகல். இத்தனை நாள் அதை நான் கிட்டார் என்றே நினைத்திருந்தேன்.

"நான்தான் அது. தூரமா இருக்கேன். கூடைல. சரியா?"

தலையாட்டினேன். சுகிர்தம், 'இந்தாங்க, வந்துடுச்சி' என்றாள். பின்னால் காகிதம் சரசரத்தது. பிறகு கூடையின் பிரம்பு நெரிகிற சத்தம். அது என்ன என்று எனக்குத் தெரியும். அந்தக் கூடையை நான்தான் தினமும் தூக்கினேன்.

"இப்ப கேளு. இப்ப நான் எங்க இருக்கேன்?"

'பாப்பாவ' என்று சுகிர்தம் சொல்லும்போது, அந்த முனகல் அவள் குரலுக்கு ஒட்டினாற்போல வந்தது. அதே உயரம், அதே கிட்டம். அந்த நாடாப் பெட்டி இரண்டு பேரையும் ஒரே இடத்திலிருந்து எடுத்து, சேர்த்தே நான்கு முறை திருப்பிச் சொன்னது. 'ரெண்டு வருசந்தான்' என்கிற இடத்தில் குழந்தை வாய் அமுங்கிப்போன மாதிரி சத்தம் குறைந்தது. தோளில் சாய்த்துக்கொண்டால் அப்படித்தான் கேட்கும்.

"என்ன தூக்கினுதான் சொல்லி இருக்காங்க" என்றாள் எஸ்தர். "கடைசி வரைக்கும் எறக்கல."

நான் மறுபடி ஒரு முறை கேட்டேன். 'சரி, தட்டுங்க' என்பதற்குப் பிறகும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். நாடா தீரும்வரை குழந்தை சுகிர்தத்தின் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பேசிவிட்டுப் போய்விட்டாள் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நின்று, பாட்டு முடியும்வரை கேட்டிருக்கிறாள்.

பிறகு படிவத்தை நிரப்பினோம். சுகிர்தம் பேசியதில் ஒரு வார்த்தையையும் எஸ்தர் விடவில்லை. 'ஒக்காந்துனே' என்பதற்கு என்னிடம் இரண்டு முறை அர்த்தம் கேட்டு, அடித்துத் திருத்தி எழுதினாள். பேசுபவரின் பெயர் என்ற இடத்தில் சுகிர்தம் என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே இடம் இல்லாத இடத்தில் நெருக்கி இன்னொரு வரி எழுதினாள்: எஸ்தர், பதினான்கு மாதம்.

"நீ பேசலியே" என்றேன்.

"நீயுந்தான் பேசல. உன் பேரப் போட்டுருக்கான் பாரு" என்று அச்சிட்ட வரியில் விரலை வைத்துக் காட்டினாள். தேவராஜ், ஆட்டுத்தோல் மேளம். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஆம்பூருக்கு எழுதிய உறையை அவள் கிழிக்கவில்லை. "வேற லெட்டர் எழுதி இதுல வைக்கறேன்" என்றாள். அக்கா, அது உங்களுக்கு இதற்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும்.

மறுநாள் திங்கட்கிழமை. எஸ்தர் பள்ளிக்குப் போனாள். வேலைக்குப் போகிற வழியில் படிவத்தைப் பதிவுத் தபாலில் சேர்க்கலாம் என்று, அடையாளம் காட்டுவதற்கு என் பாஸ்போர்ட்டை எடுக்க இழுப்பறையைத் திறந்தேன். அதன் மேல் அவளுடையது இருந்தது. என்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு இழுப்பறையை மூடினேன். தபால் நிலையத்தில் வரிசை இருந்தது. வேலைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனேன்.